பனியில் இட்ட வற்றல்

"கருவி இல்லை, ஆகவே ஆராய்ச்சி இல்லை!" உயிரியல் பயிலும் நம் மாணவ நண்பர்களின் வாயில் அடிக்கடி பிறக்கும் வாசகம் இது. அதிலும் உறையுலர்த்தும் பொறி என்ற பெயரை எடுத்துவிட்டால் போதும், பெருமூச்சே பதிலாக வரும். இலையோ, தசையோ, நுண்ணுயிரோ, எதுவாயினும் முதலில் உறைய வைத்து, பின்பு அதிலுள்ள பனிக்கட்டியை உருக விடாமலே ஆவியாக்கி வெளியேற்றும் பொறி அது. ஆய்வுக் கூடத்திற்கென்று செய்யப்பட்ட சிறு பொறிக்கே சில இலட்ச ரூபாய் ஆகும். இளங்கலை மாணவனுக்கு அதன் அறைக் கதவு திறப்பதில்லை. முதுகலை மாணவனுக்குத் திறந்தாலும் வரிசை நீளம். ஆகவே கைகட்டிக் காத்திருப்பவர் ஒரு சாரார். மற்றொரு சாராரோ பொறுமை இல்லாதவர். பழைய குளிர்ப்பெட்டியின் கம்ப்ரசரைக் கழற்றி, ஊறுகாய்ச் சாடியோடு குழாய் பொருத்தி, ஒரே இரவில் பொறியைப் படைத்துவிடப் புறப்படுகிறவர்.

இவ்விரு சாராரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பொறி ஒரு மாணவனுக்குச் செய்து தரும் வேலையில் பெரும் பகுதியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பது என் கட்சி. எந்தப் பகுதியைச் செய்யலாம், எந்தப் பகுதியைத் தொடவே கூடாது என்பதை அறிந்து செய்ய வேண்டும் என்பது அதே கட்சியின் மறுபாதி. வாய்ப்பந்தல் போடவில்லை. அந்தமான் தீவில், ஷாதிபூரில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் கடந்த இரண்டு விடுமுறைகளிலும் செய்து பார்த்த பின்னரே இதனை எழுதுகிறேன்.

ஷாதிபூர் என்ற பெயரை நண்பர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகரத்தின் ஒரு பகுதி அது. 'ஷாதி' என்றால் திருமணம். தீவு கைதிகளின் குடியேற்றமாக இருந்த நாளில், மணம் முடித்துக்கொண்ட கைதிகள் குடும்பமாக வாழ்ந்த இடம் என்று ஊரார் பெயர்க் காரணம் கூறுவர். தண்டனை பெற்று வந்த இடத்திலும் தாலி கட்டிக் குடித்தனம் நடத்திய மனித இனத்தின் பிடிவாதத்தை என்னென்பது! அது நிற்க. என் பேச்சுக்கு வேண்டியது அவ்வூரின் பெயரன்று, அவ்வூரின் காற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவு அது. மே மாதம் தொடங்கி டிசம்பர் வரையில் இரண்டு பருவக் காற்றுகளும் மாறி மாறி நனைக்கும். தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். தீக்குச்சி தன் கடமையை மறக்கும். சாடியில் இட்ட உப்பு கசிந்து நீராய் நிற்கும். புத்தகத்தினுள் ஓர் இலையை வைத்து உலர்த்தப் பார்த்தால், இலை உலருமுன் புத்தகம் மக்கத் தொடங்கும். உயிர்ப்பொருளை உலர்த்திக் காக்கும் கலைக்கு அதைவிடக் கடுமையான தேர்வுக் கூடம் அமைவது அரிது. அங்கே நடக்கும் வேலை மதுரையிலும் திருச்சியிலும் இன்னும் எளிதாக நடக்கும்.

உலர்த்துதல் தமிழருக்குப் புதிய வித்தையன்று. சுண்டைக்காய் வற்றலும், மோர் மிளகாயும், வடகமும், கருவாடும் நம் பாட்டிமாரின் ஆய்வுக் கூடத்தில் பிறந்தவை. ஆனால், வெயிலில் உலரும்போது நடப்பது என்ன? நீர் நீராகவே உள்ளிருந்து மேற்பரப்பிற்கு ஊர்ந்து வருகிறது. வரும் வழியில் கரைந்துள்ள உப்பையும் சர்க்கரையையும் இழுத்து வருகிறது. நீர் விட்டுச் சென்ற இடத்தில் திசு சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. வெப்பம் பசுமையைப் பழுப்பாக்குகிறது. மணத்தைக் காற்றில் பறக்க விடுகிறது. குழம்புக்கு இது குறையன்று. வற்றலின் சுவையே அதில்தான் இருக்கிறது. ஆராய்ச்சிக்கோ பெருங்குறை.

உறைந்த பொருளில் நீர் நகராது. இருந்த இடத்திலேயே பனிக்கட்டியாய் நின்று, இருந்த இடத்திலிருந்தே ஆவியாகிப் போகும். பள்ளியில் கற்பூரத்தைக் காட்டிப் பதங்கமாதல் என்று ஆசிரியர் சொன்னாரே, அதுவேதான் இது. பனி போன இடமெல்லாம் வெற்றறைகளாய் நிற்க, பொருள் தன் உருவம் குலையாமல் கடற்பஞ்சு போல எஞ்சுகிறது. வீட்டில் இதைக் காணாதவர் இல்லை. பிரீசரில் மாதக்கணக்கில் கிடந்த ஐஸ் கட்டிகள் சிறுத்துப் போகின்றன அல்லவா? மூடாமல் வைத்த மீன் துண்டில் வெள்ளை வெளேரென்று வறண்ட திட்டு விழுகிறது அல்லவா? 'மீன் காய்ந்து போயிற்று' என்று அன்னையர் கடிந்துகொள்ளும் அந்தத் திட்டுத்தான், இலட்ச ரூபாய்ப் பொறி செய்யும் வேலையின் இலவச மாதிரி.

அப்படியானால் பொறியிலே பம்பு எதற்கு? வெற்றிடமே நீரைப் பிடித்து இழுப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. பனிக்கட்டிக்கும் ஓர் ஆவி அழுத்தம் உண்டு. பூஜ்ய டிகிரியில் அது 4.58 மில்லிமீட்டர் பாதரச அளவு. பூஜ்யத்திற்குக் கீழ் 10 டிகிரியில் 1.95. கீழ் 20 டிகிரியில் 0.78. கீழ் 40 டிகிரியில் ஏறத்தாழ 0.1. பனிக்கட்டியைச் சுற்றியுள்ள நீராவியின் அழுத்தம் இவ்வளவைவிடக் குறைந்திருந்தால் போதும், பனி ஆவியாகிக்கொண்டே இருக்கும். காற்று இருக்கலாம், காற்றிலே ஈரம் இருக்கலாகாது, அவ்வளவே. வழியில் நிற்கும் காற்றுக் கூட்டத்தை விலக்கி ஆவியின் பயணத்தை விரைவாக்குவதுதான் பம்பின் பணி. திருவிழாக் கூட்டத்தினூடேயும் நடந்து வீடு போய்ச் சேரலாம், நேரம் ஆகும். இதனை 1959-ஆம் ஆண்டிலேயே ஹெரால்டு மெரிமன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், வெற்றிடம் இன்றி உறையுலர்த்தல் என்ற பொருள் பற்றி 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அதற்கும் முன்னே, 1906-இல் பாரிஸ் நகரில் தார்சொன்வாலும் போர்தாவும் இம்முறையைத் தொடங்கி வைத்த பின்னர், 1909-இல் அமெரிக்காவில் ஷாக்கெல் என்பவர் தனியே அதைக் கண்டபோது, அவர் கையில் இருந்தவை யாவை? உறைய வைக்க உப்பும் பனிக்கட்டியும், ஈரத்தை உறிஞ்சக் கந்தக அமிலம், ஒரு கண்ணாடிக் கலம், ஒரு பம்பு. வீட்டில் வைக்கத் தகாதது கந்தக அமிலம் ஒன்றுதான். அதன் இடத்தில் நமக்குச் சிலிகா ஜெல் இருக்கிறது. புதுச் செருப்புப் பெட்டிக்குள்ளும் மாத்திரைப் புட்டிக்குள்ளும் சிறு பொட்டலமாய் வருகிறதே, அதுவே.

இனி, நான் செய்த வகையைச் சொல்கிறேன். எடுத்துக்கொண்ட பொருள் பர்மா தனியா. எரிஞ்சியம் ஃபோடிடம் என்று தாவர நூலார் வழங்கும் இச்செடி, அந்தமான் வீடுகளின் கொல்லையில் வளரும். கொத்தமல்லியின் மணத்தையே இன்னும் உரக்கச் சொல்லும். மீன் குழம்பில் அது விழாவிட்டால் எங்கள் ஊரில் குழம்பே இல்லை. வெயிலில் உலர்த்தினால் அதன் மணம் குறையக்கூடும். ஆகவே சோதனைக்கு ஏற்ற இலை.

முதலில் விரைவாக உறைய வைத்தல் வேண்டும். மெதுவாக உறைந்தால் பனிப் படிகங்கள் பெருத்துத் திசுவைக் கிழித்துவிடும். ஜங்லிகாட் மீன் துறையிலிருந்து வாங்கி வந்த பனிக்கட்டியை நொறுக்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு கல்லுப்பைக் கலந்தால், கலவை பூஜ்யத்திற்குக் கீழ் 21 டிகிரி வரை இறங்கும். குல்பி விற்பவரின் பானைக்குள் இருக்கும் இரகசியமே இதுதான். அதன்மேல் ஓர் அலுமினியத் தட்டை வைத்து, நறுக்கிய இலையை ஒரே அடுக்காய்ப் பரப்பினால் சில நிமிடங்களில் விறைத்துவிடும். பின்பு காற்றுப் புகாத மூடியுள்ள சமையலறைப் பெட்டி ஒன்று. அதன் அடியில் நன்கு வறுத்து ஆறவைத்த சிலிகா ஜெல். இலையின் எடையைப் போல் பத்து மடங்கு. அதற்கு இரண்டு விரற்கடை மேலே ஒரு கம்பி வலை, வலைமேல் இலை. பெட்டியை மூடிப் பிரீசரில், கீழ் 18 டிகிரியில் வைத்துவிட வேண்டியதுதான். அந்தக் குளிரில் பனிக்கட்டியின் ஆவி அழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஜெல்லுக்கு மேலே நிற்கும் ஆவியோ அதிலும் மிகக் குறைவு. அந்த வேறுபாடுதான் நம் பம்பு. அது மின்சாரம் கேட்பதில்லை, ஓசை எழுப்புவதில்லை.

20 கிராம் இலை வைத்தேன். நகைக் கடையில் பயன்படும் வகைச் சிறு தராசில் நாள்தோறும் நிறுத்தேன். நான்காம் நாள் ஜெல்லை மாற்றினேன். பத்தாம் நாள் 2.7 கிராமில் வந்து நின்றது. அடுத்த இரண்டு நாளும் அசையவில்லை. எடை அசையாமல் நிற்பதே வேலை முடிந்ததற்கு அடையாளம். கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் முடிவு செய்தல் ஆகாது. இலை பச்சையாகவே இருந்தது. விரலிடையே நசுக்கியபோது எழுந்த மணத்தை அடுத்த அறையில் இருந்த அம்மா கேட்டார்.

"என்னடா, இந்த நேரத்தில் தனியா நறுக்குகிறாய்?"

"நறுக்கவில்லை அம்மா, போன வாரம் நறுக்கியது."

"அதற்குத்தான் பத்து நாளாய் என் சூரை மீனுக்கு இடமில்லாமல் பண்ணினாயா?"

குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. வீட்டுப் பிரீசர் வீட்டாருக்குரியது. ஆராய்ச்சி பெட்டியளவில் நிற்க வேண்டும்.

மின்வெட்டைப் பற்றி ஒரு சொல். அந்தமானில் மின்சாரத்தின் பெரும் பகுதி டீசல் எண்ணெயை எரித்துப் பெறுவது. வெட்டு வரும், சொல்லாமலும் வரும். பெட்டியைச் சுற்றி உப்பு நீர்ப் புட்டிகளை அடுக்கி வைப்பது இதற்கு நல்ல காப்பு. நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்பிட்ட நீர், முற்றிலும் உருகி முடிவதற்குள் கீழ் 6 டிகிரிக்கு மேலே ஏறாது. வெறும் நீர்ப் புட்டியோ பூஜ்யத்தில் வந்துதான் நிற்கும். அந்த ஆறு டிகிரியில் இலையின் கதி இருக்கிறது. இத்தனையையும் ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் அடக்கிவிட்டால், தானே பனி நீக்கும் பிரீசர்கள் அவ்வப்போது சூடேறி இறங்குகின்றனவே, அந்தத் தொல்லையும் குறையும்.

உலர்ந்த பின்னர்த்தான் உண்மையான ஆபத்து. ஷாதிபூரில் 28 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு எண்பது ஈரப்பதமும் உள்ள சாதாரண நாளில், காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம் 22 மில்லிமீட்டருக்கு மேல். பத்து நாள் பாடுபட்டு உலர்த்திய பஞ்சு போன்ற பொருள் அந்தக் காற்றில் சில நிமிடங்கள் திறந்து கிடந்தால் போதும், ஈரம் மீண்டும் குடியேறிவிடும். ஆகவே பெட்டியைப் பிரீசரிலிருந்து எடுத்தவுடன் திறக்கலாகாது. மூடியபடியே அறை வெப்பத்திற்கு வரவிட்டு, பிறகு விரைந்து சிறு புட்டியில் மாற்றி, உள்ளே ஒரு பொட்டலம் ஜெல்லும் இட்டு, மூடியின் விளிம்பில் மெழுகை உருக்கி வார்த்துவிட வேண்டும். ஜெல்லை வாணலியில் இளந்தீயில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம்; ஆனால் அந்த வாணலி பிறகு சமையலுக்கு ஆகாது. நீல நிற ஜெல்லை வாங்காதீர்கள். அந்த நிறம் கோபால்ட் குளோரைடால் வந்தது, நஞ்சு. வெள்ளையே போதும். அது எவ்வளவு ஈரம் குடித்தது என்பதைத் தராசு சொல்லும்.

இம்முறைக்கு எல்லை உண்டு. அதனை மறைப்பது அறிவியலாகாது. சர்க்கரை மிகுந்த பழங்கள் இதற்கு வாரா. சர்க்கரைக் கரைசல் கீழ் 18 டிகிரியில் முழுவதும் கெட்டிப்படுவதில்லை. கீழ் 30 டிகிரிக்கும் அப்பால் போனால்தான் கண்ணாடி போல் இறுகும். அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் உலர்த்தினால் திசு தன் எடையைத் தானே தாங்க மாட்டாமல் அமிழ்ந்து பிசினாகும். மாம்பழத்தையும் நோனிப் பழத்தையும் பொறிக்கே விட்டுவிடுக. தடித்த தசைத் துண்டும் அவ்வாறே. உள்ளே உள்ள பனி வெளியேற வாரக்கணக்கில் ஆகும்.

இன்னொன்று கேட்கிறேன். நண்பர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் உறையுலர்த்தல் தேவைப்படுகிறது? இலையிலிருந்து டி.என்.ஏ. எடுப்பதற்காகப் பொறிக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பிரீசர்கூட வேண்டியதில்லை. 1991-இல் சேஸ், ஹில்ஸ் என்ற இருவர், இலைத் துண்டுகளைச் சாதாரண வெப்பத்திலேயே சிலிகா ஜெல்லில் புதைத்து வைத்தால் டி.என்.ஏ. கெடாமல் நிற்கும் என்று 'டாக்ஸான்' இதழில் காட்டினர். அன்று முதல் உலகெங்கும் காடு சுற்றும் தாவரவியலார் பையில் ஜெல் பொட்டலம் இருக்கிறது. ஒரு நாளில் முடியும் வேலை. மீன் தசையிலிருந்து டி.என்.ஏ. வேண்டுமா? செறிந்த எத்தில் ஆல்கஹால் போதும். மணம், நிறம், வெப்பம் தாங்காத சத்து, திசுவின் நுண்ணிய அமைப்பு இவைகளைக் காக்க வேண்டுமாயின்தான் பனியை நாட வேண்டும். பொருளிடம் நாம் கேட்கப் போகும் கேள்வி எது என்று முதலில் முடிவு செய்துவிட்டால், பொறிக்கு முன் நிற்கும் வரிசையில் பாதி கலைந்துவிடும் என்பது என் துணிபு.

இனிக் கம்ப்ரசர் நண்பர்களிடம் வருகிறேன். அவர்களுடைய ஊக்கத்தை மதிக்கிறேன். கணக்கை மதிக்க இயலவில்லை. பள்ளி ஆய்வுக் கூடத்தில் குழாய் நீரால் இயங்கும் உறிஞ்சு பம்பு இருக்கிறதே, அது நீரின் ஆவி அழுத்தத்திற்குக் கீழே இறங்காது. 28 டிகிரி நீரில் அது 28 மில்லிமீட்டர். நமக்கோ ஒன்றுக்கும் கீழே வேண்டும். குளிர்ப்பெட்டிக் கம்ப்ரசர் ஆவியை அழுத்துவதற்கென்று பிறந்தது. அவ்வளவு ஆழ்ந்த வெற்றிடத்திற்கு அதை நம்ப முடியாது. உலரும் பொருளிலிருந்து வரும் ஈரமும் அதன் எண்ணெயில் கலந்து அதனைக் கெடுக்கும். மேலும், இன்றைய வீட்டுக் குளிர்ப்பெட்டிகள் பலவற்றில் ஓடுவது ஐசோபியூட்டேன் என்னும் எரிவாயு. அதன் குழாயைச் சமையலறையில் வைத்து அறுப்பதென்பது அடுப்படியில் சிலிண்டரைத் துளையிடுவதற்கு ஒப்பாகும். ஊறுகாய்ச் சாடியின் கதையைக் கேளுங்கள். பத்துச் சென்டிமீட்டர் அகலமுள்ள மூடியின் மேல், உள்ளே வெற்றிடமானால், வெளிக்காற்று அழுத்தும் எடை ஏறத்தாழ 80 கிலோ. சாடி அதற்காக வார்க்கப்பட்டதன்று. உடைந்தால் உள்நோக்கி நொறுங்கி, பிறகு நாலாபுறமும் சிதறும்.

ஏ.சி. மெக்கானிக்குகள் கையாளும் இரண்டடுக்குப் பம்பு வேண்டிய ஆழத்திற்குப் போகும் என்பது உண்மை. அதற்கும் பொருளுக்கும் நடுவே, பொருளைவிடக் குளிர்ந்த ஒரு பொறி வைத்து ஆவியைப் பிடித்து உறைய வைத்தாக வேண்டும். அன்றேல் ஆவி முழுவதும் எண்ணெயில் போய்ச் சேரும். உப்புப் பனி கீழ் 21 டிகிரியோடு நின்றுவிடுகிறது. ஆகவே உலர் பனி தேட வேண்டும். தடித்த கண்ணாடிக் கலம் தேட வேண்டும். அழுத்தம் காட்டும் மானி தேட வேண்டும். கணக்கைக் கூட்டிப் பார்த்தால் 'மலிவு' என்ற சொல் மெல்ல நழுவிவிடும்.

வீட்டில் தொடவே கூடாதவற்றைச் சொல்லும் முன், உறையுலர்த்தலின் புகழ்பெற்ற வெற்றியை நினைவூட்ட வேண்டும். அது நம் சென்னையோடும் தொடர்புடையது. அம்மைப்பால் நீர்ம வடிவில் இருந்தவரை, வெப்ப நாடுகளில் அது கிராமத்தை அடையுமுன் வீரியம் இழந்துவிடும். 1950-களில் இலண்டன் லிஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த லெஸ்லி காலியர், அதனை உறையுலர்த்திப் பொடியாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மாதம் கிடந்தாலும் கெடாதிருக்க வேண்டும் என்பது பிறகு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. அத்தகைய மருந்தை இந்தியாவில் ஆக்கிய இடங்களுள் கிண்டியின் கிங் நிலையம் ஒன்று. 1975-இல் இந்தியாவில் பெரியம்மை ஓய்ந்தது. 1980-இல் உலகெங்கும் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. இன்றும் தீவுகளின் மருத்துவ நிலையங்களில் பாம்புக் கடி மருந்து வெள்ளைப் பொடியாய்ப் புட்டியில் நிற்பது இதே முறையால்தான். அம்மருந்துக்கு மூலமான நஞ்சைத் தரும் நிலையங்களுள் ஒன்று, 1978 முதல் மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அங்கும் நஞ்சை உறையுலர்த்தியே காக்கின்றனர்.

இதிலிருந்து ஒன்று விளங்கவில்லையா? உறையுலர்த்தல் கிருமியைக் கொல்லும் வழியன்று, காக்கும் வழி! சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகம் தன் பாக்டீரியாக்களை உறையுலர்த்திக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துத்தான் வைக்கிறது. ஆண்டுகள் கழித்து நீர் ஊற்றினால் எழுந்து உட்காரும். ஆகவே 'உலர்ந்துவிட்டது, இனி அபாயமில்லை' என்று எண்ணி, நோயாளியின் சளியையோ, இரத்தத்தையோ, எலியின் சிறுநீரகத்தையோ சமையலறைக்குக் கொண்டுவருபவன் வீட்டாருக்குச் செய்வது பெருந்தீங்கு. உலர்ந்த பொடி மூச்சோடு உள்ளே போகும். எலிக் காய்ச்சல் வேரூன்றிய தீவு அந்தமான். டாலிகஞ்சில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையம் அந்நோயைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அங்குள்ள பாதுகாப்பு அறைகள் அழகுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. கடற்கரைப் பொருள்களிலும் எச்சரிக்கை வேண்டும். பவளமும், கடல் அட்டையும், கடற்குதிரையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. கரையில் தானே ஒதுங்கியது, ஆராய்ச்சிக்காக எடுத்தேன் என்ற சமாதானம் செல்லாது.

இலையும், கீரையும், மூலிகையும், சமையலறைப் பொருள்களும் வீட்டுக்குரியவை. கிருமியும், குருதியும், தடித்த தசையும், சர்க்கரைப் பழமும் பொறிக்குரியவை. அப்படியானால் அந்தப் பொறி மாணவனுக்குக் கிடைக்க வேண்டும் அன்றோ? இங்கேதான் எனக்குச் சினம் வருகிறது. ஒரு கல்விக் கூடத்தில், பெயர் வேண்டா, உறையுலர்த்தும் பொறி ஒன்று துணி போர்த்தியபடி பூட்டிய அறையில் இருப்பதைக் கண்டேன். இயக்க ஆள் இல்லை என்றார்கள். எண்ணெய் மாற்ற நிதி இல்லை என்றார்கள். அதே கட்டடத்தின் மாடியில் மாணவர்கள் தங்கள் மாதிரிகளை அழுக விட்டுக்கொண்டிருந்தார்கள். தீவு மாணவனின் நிலை இன்னும் கொடிது. அவன் திரட்டியது கெடாதிருக்க வேண்டுமாயின் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் கடல் கடந்து சென்னைக்கு அனுப்ப வேண்டும். கப்பலில் மூன்று நாள். போன பொருள் திரும்பி வருவதில்லை. தீவின் இலையைப் பற்றிய அறிவு தீவுக்கு வெளியே சேர்கிறது. அந்த இலையை நாள்தோறும் குழம்பில் இடுபவர்களின் பிள்ளைக்குத் தட்டச்சு செய்த ஒரு நன்றிக் கடிதம் எஞ்சுகிறது.

பத்து நாள் பிரீசரில் கிடந்த பெட்டி இந்த நிலையை முற்றிலும் மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் உலர்ந்த இலைக்குக் குளிர்பதனம் வேண்டா, அவசரம் வேண்டா. ஷாதிபூர் வீட்டு அலமாரியில் மெழுகிட்ட பதினான்கு புட்டிகள் இப்போது நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் நாள், இடம், எடை எழுதியிருக்கிறேன். அவற்றிலிருந்து ஒரு சிட்டிகை வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். மீதி அங்கேயே இருக்கும்.

நம் சங்கத்திடம் இரண்டு கேட்கிறேன். சிலிகா ஜெல் ஐந்து கிலோ, சிறு தராசு இரண்டு, காற்றுப் புகாப் பெட்டி பத்து: இவைகளைச் சங்க அறையில் வைத்து, விடுமுறைக்கு ஊர் செல்லும் உறுப்பினர்களுக்கு நூலகப் புத்தகம் போல் இரவல் தருவது ஒன்று. ஆண்டு விழா மேடைத் தோரணத்தின் செலவில் ஒரு பகுதிகூட ஆகாது. நம் பல்கலைக் கழகத்தில் உள்ள பொறியை வாரத்தில் ஒரு பிற்பகல் எல்லாத் துறை மாணவர்க்கும் முறை வைத்துத் திறந்துவிடுமாறு, சங்கத்தின் பெயரால் விண்ணப்பம் செய்வது மற்றொன்று. இரண்டையும் எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த பொதுக்குழுவில் ஆறாம் பொருளாக வருகிறது. ஐந்தாம் பொருள் சிற்றுண்டி பற்றியது. அது முடிந்ததும் எழுந்து போய்விடாமல் நண்பர்கள் சற்றே அமர்ந்திருக்கக் கோருகிறேன்.